சாந்தகுணத்துக்குப் பரிசு ஏன் நிலம்?

மலைப்பிரசங்கத்தின் தொடக்கத்தில் வரும் பாக்கியவசனங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். ஆவியில் எளியவர்களுக்குப் பரலோக ராஜ்யம், துயரப்படுகிறவர்களுக்கு ஆறுதல், இரக்கமுள்ளவர்களுக்கு இரக்கம், இருதய சுத்தமுள்ளவர்களுக்குத் தேவதரிசனம் என்று வாக்குறுதிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத பக்கமாகவே போகின்றன. சாந்தகுணமுள்ளவர்களுக்கு மட்டும் நிலம். சங்கிலி போட்டு அளக்கலாம், எல்லைக்கல் நடலாம், பங்காளியோடு வழக்காடலாம், அப்படிப்பட்ட பொருள். அதிலும், சாந்தமானவர்கள் உலகத்தில் முதலில் இழப்பது நிலத்தைத்தான். அதையே அவர்களுக்குப் பரிசாக அறிவிப்பது கேட்பவரைச் சீண்டுவதுபோல் இருக்கிறது.

நம் ஊர்த் திருச்சபைகளில் இந்த வசனம் பெரும்பாலும் யாருக்குச் சொல்லப்படுகிறது? புகுந்த வீட்டில் வாய் திறக்கக்கூடாத மருமகளுக்கு. சொத்துப் பங்கீட்டில் ஏமாற்றப்பட்ட தம்பிக்கு. ஏமாற்றிய அண்ணனை உட்காரவைத்து யாரும் இதைப் போதித்ததாகத் தெரியவில்லை. இப்படிச் சொல்லிச் சொல்லியே சாந்தகுணம் என்றால் அடிபட்டும் பேசாமல் இருப்பது என்றும், நிலம் என்றால் செத்த பிறகு கிடைக்கும் மோட்சம் என்றும் ஆகிவிட்டது. இந்த இரண்டு திரிபுகளும் தனித்தனியே நடக்கவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். சாந்தகுணம் வெறும் சுபாவமாகச் சுருங்கியபோதெல்லாம் நிலம் வானத்துக்குப் போய்விட்டது. நிலம் மண்ணாகவே இருந்த இடங்களில் சாந்தகுணத்துக்கும் முதுகெலும்பு இருந்தது.

இந்த வாக்குறுதி இயேசு புதிதாகச் சொன்னதல்ல. 37ஆம் சங்கீதத்தின் 11ஆம் வசனம்தான் அவர் வாயில் மறுபடியும் வருகிறது. அந்தச் சங்கீதம் எபிரெய அரிச்சுவடி வரிசையில் கட்டப்பட்டது. பாடுகிறவர் ஒரு கிழவர். இளைஞனாயிருந்து முதியவனானதைத் தானே சொல்லிக்கொள்கிறார். அவரைச் சுற்றியிருப்பவர்கள், அநியாயக்காரர்கள் செழிப்பதைப் பார்த்து வயிறெரிகிறவர்கள். எரிச்சல்படாதே என்று மூன்று முறை சொல்கிறார். நிலத்தைச் சுதந்தரிப்பார்கள் என்பதை ஐந்து முறை சொல்கிறார். இடையிடையே அந்த அநியாயக்காரர்கள் செய்வதும் வருகிறது: பட்டயத்தை உருவுகிறார்கள், எளியவனை நோக்கி வில்லை வளைக்கிறார்கள், கடன் வாங்கித் திருப்பித் தராமல் இருக்கிறார்கள். கொலையையும் கடனையும் ஒரே பட்டியலில் சேர்த்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு விவசாய சமூகத்தில் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: நிலம் கை மாறும்.

எப்படிக் கை மாறும் என்பதை நெகேமியா புத்தகத்தின் 5ஆம் அதிகாரம் ஒளிவு மறைவில்லாமல் காட்டுகிறது. பஞ்சம் வருகிறது. தானியம் வாங்க வயலை அடமானம் வைக்கிறார்கள், பிறகு திராட்சத்தோட்டத்தை, பிறகு வீட்டை. ராஜாவுக்கு வரி கட்டத் தனியாகக் கடன். அடமானம் வைக்க எதுவும் மிஞ்சாதபோது மகன்களும் மகள்களும் அடிமைகளாகப் போகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் அல்லர். சொந்த ஜாதியின் பெரிய மனிதர்கள். இதைக் கேட்ட நெகேமியாவுக்குக் கடுங்கோபம் வருகிறது. சபையைக் கூட்டி, வயல்களையும் தோட்டங்களையும் வீடுகளையும் வட்டியையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். கொடுத்தார்கள். இழந்தவர்கள் நிலத்தைத் திரும்பப் பெற்ற நாளை வேதம் இவ்வளவு விவரமாகச் சொல்லும் இடம் வேறில்லை. அதைச் சாத்தியமாக்கியது ஒருவருடைய கோபம் என்பதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் இதையே சட்டமாக வகுத்தது. நிலம் கர்த்தருடையது, குடிகள் அதில் பரதேசிகள். அதனால் கிரயம் எல்லாமே தற்காலிகம். 50ஆம் வருஷமாகிய யூபிலியில் ஒவ்வொருவனும் தன் காணியாட்சிக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சட்டம் எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் வயலோடு வயலைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களை ஏசாயாவும், படுக்கையில் திட்டமிட்டு விடிந்ததும் வயல்களைப் பறிக்கிறவர்களை மீகாவும் சபித்ததிலிருந்து, ஊரில் எது நடந்துகொண்டிருந்தது என்று தெரிகிறது. ஆக, சங்கீதத்தின் சாந்தமானவர்கள் மெல்லிய குரலில் பேசுகிற நல்ல பிள்ளைகள் அல்லர். நிலத்தை விட்டுத் தள்ளப்பட்டவர்கள், அல்லது தள்ளப்படும் விளிம்பில் நிற்பவர்கள். வெட்டுக்கத்தியைத் தூக்காமலும், உரிமையைக் கைகழுவாமலும் கர்த்தருக்கு முன் காத்திருப்பவர்கள்.

இந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்பதற்கு வேதம் விளக்கம் எழுதவில்லை, கதைகளைத்தான் சொல்கிறது. என்னைக் கேட்டால் இவற்றில் ஆகச் சிறந்தது ஆதியாகமம் 26இல் வரும் ஈசாக்கின் கிணறுகள். நம் ஊர்க் கிணற்றுச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் கூர்மை சட்டென்று புரியும். ஈசாக்கு விதைத்து நூறு மடங்கு அறுக்கிறார். பெலிஸ்தருக்குப் பொறாமை, அவருடைய தகப்பன் காலத்தில் வெட்டிய கிணறுகளை எல்லாம் மண்ணைப் போட்டுத் தூர்க்கிறார்கள். அபிமெலேக்கு ராஜா வந்து, நீர் எங்களைவிடப் பலத்தவராகிவிட்டீர், போய்விடும் என்கிறான். இந்தக் காரணம் முக்கியம். ஈசாக்கு பலவீனராக இருந்ததால் போகவில்லை. பலத்தவராக இருந்தும் போனார். பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டு வேலைக்காரர்கள் தோண்டுகிறார்கள், ஊற்று கிடைக்கிறது. உள்ளூர் மேய்ப்பர்கள் வந்து தண்ணீர் எங்களுடையது என்கிறார்கள். கிணற்றுக்கு ஏசேக்கு என்று பேர் வைத்துவிட்டு அடுத்ததைத் தோண்டுகிறார். அதற்கும் வம்பு, அதன் பேர் சித்னா. மூன்றாவது கிணற்றுக்கு யாரும் வரவில்லை. ரெகொபோத் என்று பேர் வைக்கிறார். பெயர் வைப்பதை விடவே இல்லை என்பதைப் பாருங்கள். விட்டுக் கொடுத்த கிணற்றுக்கும், இது சண்டையில் போனது என்று சொல்லும் பெயரையே வைத்துவிட்டுப் போகிறார். நடந்தது பதிவாகிறது, கை மட்டும் ஓங்கப்படவில்லை. கடைசியில் அதே அபிமெலேக்கு சேனாபதியையும் கூட்டிக்கொண்டு உடன்படிக்கைக்கு வருகிறான்.

ஆபிரகாமும் அப்படித்தான். மேய்ப்பர்களுக்குள் தகராறு வந்தபோது மூத்தவரான அவர் சகோதரன் மகன் லோத்துக்கு முதல் தெரிவைக் கொடுத்தார். லோத்து தண்ணீர் வளமுள்ள யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் கண்ணுக்கெட்டிய நிலமெல்லாம் உனக்கு என்ற வாக்குறுதி ஆபிரகாமுக்கு வருகிறது. அடுத்த அதிகாரத்திலேயே, சிறைபிடிக்கப்பட்ட லோத்தை மீட்க 318 ஆட்களோடு இரவில் போய்ப் போர் செய்கிறார். தனக்கு வந்த நஷ்டத்தில் விட்டுக் கொடுத்தவர், பிறனுக்கு வந்த ஆபத்தில் ஆயுதம் எடுத்தார். இவ்வளவு வாக்குறுதி பெற்றவர் சாகும்போது சொந்தமாக வைத்திருந்த நிலம் எது? மனைவியைப் புதைக்க 400 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்கிய மக்பேலா குகையும் அதைச் சேர்ந்த வயலும்தான்.

ஒதுங்கிப் போவதுதான் சாந்தகுணம் என்று இந்தக் கதைகளை வைத்து முடிவு கட்டினால் நாபோத் குறுக்கே வருவான். யெஸ்ரயேலில் அரண்மனைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு திராட்சத்தோட்டம். ஆகாப் ராஜா அதைக் கீரைத் தோட்டமாக்க ஆசைப்படுகிறான். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது பணம் தருகிறேன் என்கிறான். பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்கமாட்டேன் என்று நாபோத் மறுக்கிறான். அவ்வளவுதான், திட்டவில்லை, கிளர்ச்சி செய்யவில்லை. ராணி யேசபேல் இரண்டு பொய்ச் சாட்சிகளை வைத்து அவனைக் கல்லெறிந்து கொல்லச் செய்கிறாள். ஈசாக்கு கொடுத்தார், நாபோத் மறுத்தான். எனக்கு இருவரும் சாந்தகுணத்தின் இரண்டு முகங்களாகவே தெரிகிறார்கள். தண்ணீரைத் தேடி இன்னொரு கிணறு தோண்டலாம். குலத்தின் காணியாட்சிக்கு மாற்று கிடையாது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிவதும் இந்தக் குணத்தில் சேர்ந்தது.

வேதம் வெளிப்படையாக இந்தப் பட்டத்தைக் கட்டியிருப்பது மோசேக்கு. பூமியிலுள்ள மனிதர் எல்லாரிலும் சாந்தமானவர் என்று எண்ணாகமம் 12 சொல்கிறது. அவர் எகிப்தியனை அடித்துக் கொன்றவர், கற்பலகைகளை மலையடியில் போட்டு உடைத்தவர். அப்படியிருந்தும் இந்தப் பட்டம் வந்த சந்தர்ப்பம் தெளிவானது: கூஷ் தேசத்துப் பெண்ணை மணந்ததற்காகச் சொந்த அக்கா மீரியாமும் அண்ணன் ஆரோனும் அவரைப் பழித்தார்கள். அவர் தன் தரப்பைப் பேசவில்லை. மீரியாமுக்குக் குஷ்டம் கண்டபோது அவளுக்காக மன்றாடினார். தன்மேல் விழுந்த பேச்சுக்குப் பதிலில்லை. மற்றவர்களுக்காக வாயும் கையும் நீண்டன. ஆனால் இந்தக் கதையின் முடிவு பிரசங்கங்களில் அதிகம் வருவதில்லை. மேரிபாவில் தண்ணீருக்காக ஜனங்கள் முறுமுறுத்தபோது அவர் பொறுமையிழந்து, அவர்களைக் கலகக்காரர் என்று திட்டி, கன்மலையைக் கோலால் இரண்டு முறை அடித்தார். அந்த ஒரு நாளுக்காக நிலத்துக்குள் நுழையும் உரிமை போயிற்று. ஆகச் சாந்தமான மனிதர் நேபோ மலை உச்சியில் நின்று நிலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு இறந்தார். சாந்தகுணத்துக்கு நிலம் கூலியாக வந்தே தீரும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த மலையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இயேசுவின் கலிலேயாவில் இந்தக் கேள்வி ஏட்டில் மட்டும் இருக்கவில்லை. அவர் சொன்ன உவமைகளில் குத்தகைதாரர்கள், வெளியூர்ப் போன நிலக்கிழார், கடைத்தெருவில் வேலைக்குக் காத்து நிற்கும் கூலிகள், கடனுக்காக விற்கப்படும் குடும்பங்கள் வருவது கற்பனை வளத்தால் அல்ல. கி.பி. 6இல் ரோமக் குடிமதிப்பை எதிர்த்துக் கலிலேயனாகிய யூதா கிளம்பினான். 66இல் தொடங்கிய பெரும் கலகம் 70இல் எருசலேம் ஆலயம் எரிந்ததில் முடிந்தது. நிலத்தைக் கத்தியால் மீட்கலாம் என்ற வழி கண்முன் திறந்திருந்த காலம். எதிர்ப்புறத்தில், சாக்கடலோரக் கும்ரான் குழுவினர் ஒதுங்கிப்போய் 37ஆம் சங்கீதத்துக்கு உரை எழுதினார்கள். 1952இல் கண்டெடுக்கப்பட்ட நான்காம் குகையின் சுருள்களில் அந்த உரையும் ஒன்று. அதில் நிலத்தைப் பெறப்போகும் எளியவர்கள் வேறு யாருமல்லர், அவர்களுடைய சபையார்தான். வாக்குறுதியைத் தங்கள் பேருக்கே எழுதிக்கொள்ளும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு அது ஒரு சான்று.

இந்த இரண்டுக்கும் நடுவில் மத்தேயு காட்டும் இயேசு கழுதையின்மேல் ஏறி எருசலேமுக்குள் வருகிறார். சகரியாவின் சாந்தமுள்ள ராஜா இவர்தான் என்று சொல்லிவிட்டு, அதே 21ஆம் அதிகாரத்திலேயே ஆலயத்தில் காசுக்காரர்களின் பலகைகளைக் கவிழ்க்கும் காட்சியை மத்தேயு வைக்கிறார். அந்த அதிகாரம் முடிவதற்குள் இன்னொன்றும் வருகிறது: குத்தகைக்காரர்கள் எஜமானின் மகனைப் பார்த்து, இவன்தான் வாரிசு, இவனைக் கொன்றுவிட்டால் சுதந்தரம் நமக்கு என்று பேசிக்கொள்ளும் உவமை. நிலத்தை அடைய இரண்டே வழிகள் மத்தேயுவில் உண்டு. ஒன்று வாரிசாகப் பெறுவது; மற்றது வாரிசைக் கொன்று எடுப்பது. 5ஆம் அதிகாரத்தின் சாந்தகுணமுள்ளவர்களுக்கு நேர் எதிரானவர்கள் இந்தக் குத்தகைக்காரர்கள்தான் என்று நான் வாசிக்கிறேன். யோவானில் இன்னொரு காட்சி: விசாரணையின்போது சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைகிறான். மறு கன்னத்தைப் பற்றிப் போதித்தவர் திருப்பி அடிக்கவில்லை; ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. தவறாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்று கேட்டார்.

நிருபங்களில் நிலம் கண்ணிலிருந்து மறைகிறது. பவுலுக்குச் சாந்தம் ஆவியின் கனிகளில் ஒன்று. தவறினவனைச் சீர்ப்படுத்தும்போது, எதிர்ப்பேசுகிறவனுக்குப் புத்தி சொல்லும்போது தேவைப்படும் பக்குவம். சிதறிய நகரச் சபைகளுக்கு நிலமா முக்கியம்? ஆபிரகாமின் வாக்குறுதியை ரோமர் நிருபம் உலகம் முழுவதற்குமாக விரிக்கிறது; எபிரெயர் நிருபமோ அவர் தேடியது பரம தேசத்தை என்கிறது. பிற்காலத்தில் நிலத்தை வானத்துக்குக் கொண்டுபோனவர்கள் சும்மா கொண்டுபோகவில்லை, வேதத்திலேயே அவர்களுக்குப் பிடி இருந்தது. பேதுருவின் முதல் நிருபம் அடிமைகளுக்கும் மனைவிகளுக்கும் அடக்கத்தைப் போதிப்பதும் இங்கேதான் வருகிறது. அந்தப் பக்கங்களைப் பின்னால் யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது தனிக் கதை.

எந்த நிலம் என்ற கேள்வியில் சபைப் பிதாக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். லியோன் நகரத்து ஆயர் இரேனியு, 2ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆபிரகாமுக்குக் காலடி மண்கூடக் கிடைக்கவில்லை, கல்லறையைக் காசு கொடுத்தே வாங்கினார், ஆகவே வாக்குறுதி பொய்யாகாதிருக்க வேண்டுமானால் உயிர்த்தெழுந்த பிறகு இதே பூமியில் அது நிறைவேற வேண்டும் என்று வாதாடினார். நீதிமான்கள் எந்தப் படைப்பில் பாடுபட்டார்களோ அதே படைப்பில் பலன் பெற வேண்டும் என்பது அவர் கணக்கு. 4ஆம் நூற்றாண்டில் நீசா நகரத்து கிரகோரியும் அகுஸ்தீனும் அந்த நிலத்தை ஜீவனுள்ளோர் தேசமாக, அழியாத பரம சுதந்தரமாகப் பொருள் கொண்டார்கள். அந்தியோகியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தம் இதற்கு இணங்கவில்லை. வேதத்தில் உருவகமான பூமி என்று ஒன்று எங்குமே இல்லை என்றார். சாந்தமானவன் சொத்தை எல்லாம் இழந்துவிடுவான் என்று ஊரார் பயப்படுகிறார்கள். அதற்காகவே இயேசு பூமியைப் பெயர் சொல்லிக் கொடுத்தார். துணிந்து வம்புக்குப் போகிறவன்தான் பிதுரார்ஜிதத்தையும் சேர்த்துத் தொலைக்கிறான் என்றார். கோர்ட்டுக்கு அலைந்தே நிலத்தை விற்ற குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனாலும் இது பாதி உண்மைதான். அடித்துப் பிடுங்கினவர்கள் தலைமுறைகளாக நன்றாகவே அனுபவிப்பதையும் பார்த்திருக்கிறோம். மேற்கில் அகுஸ்தீனின் வாசிப்பே வென்றது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு பூமி என்றும், 1995இல் வந்த திருவிவிலியம் நாடு என்றும் சொல்வதில் அந்தப் பழைய விவாதம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சாந்தம் என்பது கோபமே வராததா என்ற கேள்விக்குத் தோமா அக்குவினா 13ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலை வைத்துப் பதில் சொன்னார். கோபப்பட வேண்டியதற்குக் கோபப்படாமல் அவமானத்தைச் சகிப்பது அடிமைத்தனம் என்று அரிஸ்டாட்டில் கருதினார். சரியான காரணத்துக்கு, சரியான ஆளிடம், சரியான அளவில் கோபப்படுவதே நடுவழி. அக்குவினா இதை ஏற்று, சாந்தத்தைக் கோபத்தை ஆளும் நற்குணமாக வகுத்தார்; கோபமே இல்லாமையையும் குற்றமாக எண்ணினார். நெகேமியாவுக்கு இந்தச் சட்டகத்தில் இடம் உண்டு.

லூத்தரிடம் வந்ததும் விஷயம் கசக்கிறது. 1525இல் ஜெர்மானியக் குடியானவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை வேத வசனங்களோடு முன்வைத்தார்கள். பொது மேய்ச்சல் நிலங்களைப் பிரபுக்கள் தனியுடைமையாக்கியதைத் திருப்பிக் கேட்டது அதில் ஒன்று. லூத்தர் முதலில் பிரபுக்களையும் கண்டித்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் குடியானவர்களிடம், பாடுபடுவதே கிறிஸ்தவனின் உரிமை என்றார். கலவரம் மூண்டதும் அவர்களை வெட்டிச் சாய்க்கும்படி எழுதினார். 1532இல் வெளிவந்த மலைப்பிரசங்க விளக்கத்தில், தனி மனிதனாகச் சாந்தமாயிரு, அதிகாரப் பதவியில் கடுமையாயிரு என்று இரண்டாகப் பிரித்தார். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. நடைமுறையில் பதவி இருப்பவருக்கு வாளும், பதவி இல்லாதவருக்குச் சாந்தகுணமும் மிஞ்சின.

அடிமை வியாபாரம் இதை முழுமைப்படுத்தியது. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று அச்சிட்ட வேதாகமத்தில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான கதை வெட்டப்பட்டது. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதி பத்திரமாக இருந்தது. ஹவர்டு தர்மன் என்ற கறுப்பின இறையியலாளரின் பாட்டி அடிமையாக இருந்தவர். எஜமானின் பிரசங்கியார் அந்தப் பகுதியையே திரும்பத் திரும்பப் போதித்ததால், விடுதலையான பின் பவுலின் நிருபங்களைத் தனக்கு வாசிக்க அவர் விடமாட்டாராம். இந்தியா வந்து 1936இல் காந்தியைச் சந்தித்த தர்மன், 1949இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே சுதந்தரம் பறிக்கப்பட்டவர்களோடு இயேசுவை நிறுத்தினார். சுவரோடு சுவராக நெருக்கப்பட்டவனுக்கு இயேசு என்ன சொல்கிறார் என்பது அவர் கேள்வி. பயத்தையும் வெறுப்பையும் உதறினவனே விடுதலையானவன் என்ற அவர் பதிலில் சாந்தகுணம் மறுபடி முதுகு நிமிர்கிறது.

ஜெர்மானியத் தத்துவஞானி நீட்சே இங்கே குறுக்கிட வேண்டும். அவரைத் தவிர்த்துவிட்டு இந்தக் கேள்வியை ஆராய முடியாது. 1887இல் அவர் வைத்த குற்றச்சாட்டு: பழிவாங்க இயலாதவன், பழிவாங்க மாட்டேன் என்று அதற்கு நல்ல பேர் சூட்டிக்கொள்கிறான்; கையாலாகாத்தனம் அறமாக வேடமிடுகிறது; உள்ளே வன்மம் புளித்துக் கிடக்கிறது. இதற்குத் தமிழ் வாசகனின் கையில் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. திருக்குறளின் வெகுளாமை அதிகாரம், செல்லுபடியாகும் இடத்தில் கோபத்தைக் காப்பதே காப்பு, செல்லாத இடத்தில் காத்தாலென்ன காக்காவிட்டாலென்ன என்ற கருத்தோடுதான் தொடங்குகிறது. இதை வைத்து நிறுத்தால் ஈசாக்கும் மோசேயும் தேறுவார்கள். அவர்கள் பலமிருந்தும் அடங்கியவர்கள். 37ஆம் சங்கீதத்தின் எளியவன் தேறுவானா? அவனிடம் செல்லுபடியாகும் கோபம் எதுவுமில்லையே. நீட்சேயின் அம்பு அவன்மேல்தான் குறிவைக்கப்பட்டது. சங்கீதக்காரர் அவனிடம் எரிச்சலை விடச் சொல்வது அதனாலேயே. வன்மம் அவனைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் உரிமையை விடச் சொல்லவில்லை. நிலம் உன்னுடையது என்று ஐந்து முறை சொல்லித்தான் காத்திருக்கச் சொல்கிறார். இந்த இரண்டாம் பாதியை நீட்சே பார்க்கவில்லை. பல பிரசங்கியார்களும் பார்க்கவில்லை.

சாந்தமானவர்களுக்கு உண்மையிலேயே நிலம் கிடைத்தால் என்ன ஆகும்? மென்னோனைட்டுகளின் வரலாறு அதற்கு ஒரு சோதனைக்களம். 1534-35இல் ம்யூன்ஸ்டர் நகரை ஆயுதத்தால் பிடித்த அனபாப்டிஸ்டுகளின் ரத்தக்களரிக்குப் பிறகு, மென்னோ சைமன்ஸ் வாளை அடியோடு மறுக்கும் சபைகளைச் சேர்த்தார். நாட்டில் அமைதியாயிருப்போர் என்ற சங்கீதத் தொடரே பின்னாளில் அவர்களுக்குப் பட்டப்பெயராயிற்று. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரீனின் அழைப்பில் 1789இல் அவர்கள் இன்றைய உக்ரைனின் கோர்ட்டித்சாவில் குடியேறினார்கள்: குடும்பத்துக்கு 65 தெசியாத்தினா நிலம், ஏறக்குறைய 175 ஏக்கர்; படைச்சேவையிலிருந்து விலக்கு. வசனம் அப்படியே பலித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அது 1775இல் கேத்தரீன் படை அனுப்பிக் கலைத்த சபரோஷியக் கொசாக்குகளின் மண். அடித்தவர் வேறு, குடியேறியவர் வேறு. கை அழுக்காகவில்லை, அவ்வளவுதான். 1860களுக்குள் அவர்களுடைய சொந்தக் குடியிருப்புகளிலேயே பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலமற்றவையாயின. நிலமுள்ளவருக்கே ஊர்ச்சபையில் வாக்கு. 1918-19இல் உள்நாட்டுப் போரின் கொள்ளைப் படைகள் வந்தபோது அவர்களில் இளைஞர்கள் தற்காப்புப் படை அமைத்துத் துப்பாக்கி எடுத்தார்கள். அது பிழை என்று சபைப் பெரியவர்கள் பின்னர் ஒப்புக்கொண்டார்கள். 1923க்கும் 1930க்கும் இடையில் சுமார் 20,000 பேர் எல்லாவற்றையும் விட்டுக் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். இவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இவர்களளவுக்கு வசனத்தை நம்பியவர்கள் குறைவு. நிலம் கையில் வந்த பிறகு சாந்தகுணம் என்ன பாடுபடும் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்தில் இந்த வசனம் மண்ணைத் தொட்ட இடம் செங்கல்பட்டு. 1880களின் இறுதியில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடியும், தலித் மக்களுக்கு மோட்சத்தைப் போதித்ததோடு நிற்காமல், புறம்போக்கு நிலத்துக்கு மனுப் போட்டு அலைந்தார்கள். மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கைக்குப் பின்னணியில் இந்த அழுத்தமும் இருந்தது. 1892 முதல் பஞ்சமி நிலங்கள் என்று அழைக்கப்படும் நிலங்கள் தலித் மக்களுக்கு ஒப்படைக்கப்பட்டன. வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அவற்றில் பெரும்பகுதி கை மாறிவிட்டது. லேவியராகமத்தின் சட்டத்துக்கு நேர்ந்த கதிதான் இதற்கும். அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.

ஆகவே, பரிசு எப்போது, எங்கே? வேதத்தின் கடைசிப் புத்தகத்தின் முடிவில் மனிதர்கள் பூமியை விட்டு மேலே போவதில்லை. புதிய எருசலேம்தான் கீழே இறங்கி வருகிறது. இரேனியுவும் கிறிசோஸ்தமும் பிடித்த முனை அதுதான், நானும் அவர்கள் பக்கம். இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் நாஜி ஜெர்மனியில் எழுதியபோது, உலகம் இவர்களை வெளியே தள்ளி, உங்களுக்கு மோட்சம் போதுமே என்று சொல்லும் என்பதை முன்னறிந்து, அதற்கு மறுப்பாகவே இந்த வசனத்தை வாசித்தார். நிலத்தை மோட்சமாக்குவது யாருக்கு வசதி என்று கேட்டுப் பார்த்தாலே எந்த வாசிப்பு சரி என்று தெரிந்துவிடும். அதேசமயம், சுதந்தரம் என்பது கொடுக்கப்படுவது. சாந்தகுணத்தைக் காட்டி இந்த நிலம் எனக்கே வாக்களிக்கப்பட்டது என்று இன்னொருவனை எழுப்பி விரட்டுகிறவன், அந்தத் திராட்சத்தோட்டத்துக் குத்தகைக்காரனின் வாரிசு.

மத்தேயு 5இன் இந்த ஒரு வசனத்தை எடுத்துப் பிரசங்கிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 37ஆம் சங்கீதம் மொத்தம் 40 வசனங்கள்தான். முதலில் அதைச் சபையில் முழுவதும் வாசியுங்கள். கடன் வாங்கித் திருப்பித் தராதவனைப் பற்றிய 21ஆம் வசனம் வரும்போது, கடைசி வரிசையைப் பார்க்காமல் முன்வரிசையைப் பார்த்து வாசியுங்கள்.